தட்டில் அடங்காத ஆட்டம்

முத்துக்குளித்துறையின் ஒலிகள் – 18

மூன்றேகால் நிமிடம். 10 அங்குல 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய அவ்வளவுதான் அடங்கும். உட்கார்ந்து கேட்பவருக்கு அது போதும். ஆடுபவருக்குப் போதாது. உடம்பு சூடேறித் தாளத்தோடு ஒட்டிக்கொள்ளும் நேரம் பார்த்து முள் உள்வட்டத்துக்கு வந்து வெறுமனே கரகரக்கத் தொடங்கிவிடும். போன வாரம் தூத்துக்குடி சவுண்ட் சர்வீஸ் கடைகள் வரை வந்திருந்தோம். இந்த வாரம், அந்தக் கடைக்காரர்கள் ஆட்டக்காரர்களுக்காக நேரத்தோடு போட்ட மல்லுக்கட்டு.

நம் கரையில் கலை என்றால் விடிய விடிய நடப்பது. முத்துக்குளித்துறை ஊர்களிலும் எதிர்க்கரை மன்னாரிலும் கத்தோலிக்கர் ஆடிய வாசாப்பு நாடகத்தில், புனிதர் ஒருவரின் கதையை அண்ணாவியார் தொடங்கிவைத்தால் அது முடியக் கிழக்கு வெளுத்துவிடும். அம்மன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் அப்படித்தான். இப்படிப் பழகிய ஊர்களுக்கு மூன்றேகால் நிமிடப் பாட்டு வந்து சேர்ந்தது. கொடைக்கும் கல்யாணத்துக்கும் கம்பத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டினார்கள். ரெக்கார்ட் டான்ஸ் மேடை போட்டார்கள். படத்தில் பார்த்த பாட்டுக்கு அதே உடையில் அதே அசைவுகளோடு ஆடுவது ரெக்கார்ட் டான்ஸ். தென்மாவட்டத் திருவிழாக்களில் பல ஆண்டுகள் கூட்டத்தைக் கட்டிப்போட்டது அது. அங்கே வாத்தியக்காரர்கள் கிடையாது. இருந்த ஒரே வாத்தியம் தட்டு. மேடைக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயரோடு குந்தியிருந்த சவுண்ட் சர்வீஸ்காரர்தான் அதை வாசித்தார்.

வாசித்தார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். காரணத்துக்கு வருகிறேன். அதற்கு முன் ஒருமுறை கடலைத் தாண்டிவிட்டு வர வேண்டும்.

மன்னார் வளைகுடாவின் இரு கரைகளும் ஒரே காலத்தில் போர்ச்சுக்கீசியரைக் கண்டவை. இந்தப் பக்கம் 1535-37 வாக்கில் பரதவர் கத்தோலிக்கம் தழுவினார்கள். 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். அந்தப் பக்கம் கொழும்பும் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒவ்வொன்றாகப் போர்ச்சுக்கீசியர் கைக்குப் போயின. 1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியையும் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் ஒரே ஆண்டில் பிடித்தார்கள். இடைப்பட்ட நூறு ஆண்டுகளில் இறங்கிய இசை, நம் கரையில் பெரும்பாலும் கோயிலுக்குள் தங்கியது. இலங்கையில் அது தெருவுக்கு வந்து ஆடியது. போர்ச்சுக்கீசியர் கப்பலில் கொண்டுபோன ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள், புத்தளத்துக்குப் பக்கத்திலுள்ள சிரம்பியடியில் இன்றும் தங்கள் மாஞ்சா இசையைப் பாடுகிறார்கள். மட்டக்களப்புப் பறங்கியர் கல்யாண வீடுகளில் கஃபரிஞ்ஞா ஆடுகிறார்கள். இந்த வேரிலிருந்து எழுந்ததுதான் பைலா. போலீஸ்காரராக இருந்த வாலி பஸ்தியான் 1940-களில் அதற்குச் சிங்களத்தில் புதிய உருவம் கொடுத்தார். பாட்டாலேயே ஒருவரை ஒருவர் மடக்கும் வாதப் பைலாவும் அந்தக் காலத்தில் செழித்தது. எதிராளி சளைக்கும் வரை அது போகும். அதுவும் நேரத்துக்குக் கட்டுப்படாத கலைதான்.

பைலாவின் தாளம் ஆறு எண்ணிக்கை, மூன்று மூன்றாகப் பிரியும். நம் ஊரில் திஸ்ர நடை என்போம். கும்மியில் இருப்பது அது, நையாண்டி மேளத்தில் துள்ளுவதும் அது. பைலா இந்தக் கரைக்கு வந்தபோது யாரும் காலுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

வந்த வழி முதலில் வானொலி. 1950-ல் இலங்கை வானொலி வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியது. 1952-ல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கடிவாளம் போட்டார். நேயர்கள் அப்படியே இலங்கைப் பக்கம் திரும்பினார்கள். அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரலும் பின்னாளில் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்களும் தூத்துக்குடி வீடுகளில் சொந்தக்காரர் குரல்போல ஒலித்தன. கடல் மேல் தடையில்லாமல் வரும் அலைவரிசை என்பதால் சாதாரண ரேடியோவிலும் துல்லியமாகக் கேட்கும். சினிமாப் பாட்டோடு சேர்ந்து ஈழத்துப் பாட்டும் வந்தது. 60-களின் இறுதியில் உரும்பிராய் நித்தி கனகரத்தினம் பைலாத் தாளத்தில் யாழ்ப்பாணத் தமிழை ஏற்றிப் பாடினார். அவருடைய 'சின்ன மாமியே' இந்தக் கரையிலும் வாய்க்கு வாய் பரவியது. அடுத்து வந்தவர் ஏ.இ. மனோகரன். ஈழத்தில் பொப்பிசைச் சக்கரவர்த்தி, தமிழகத்தில் சிலோன் மனோகர். அவர் குரலில் புகழ்பெற்ற 'சுராங்கனி', ஒருத்திக்கு மீன் கொண்டுவந்து கொடுப்பதைப் பற்றிய பாட்டு. சிங்களமும் தமிழும் கலந்தது. மீன் விற்று வாழும் கரைக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு ஆட்டப்பாட்டு வந்திருக்க முடியாது. 1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா அதை எடுத்தாண்டார். அதற்கப்புறம் தமிழ்நாட்டில் அந்தப் பாட்டைத் தெரியாதவர் இல்லை.

இரண்டாவது வழி தோணி. 1914-ல் பாம்பன் பாலம் திறந்து, போட் மெயில் ரயில் தனுஷ்கோடி பக்கம் போனபிறகு தூத்துக்குடியின் பயணிக் கப்பல் போக்குவரத்து மங்கியது. ஆனால் பாய்மரத் தோணிகள் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போய்வந்துகொண்டுதான் இருந்தன. திரும்பி வருகிறவர் பெட்டியில் சோப்பும் துணியும் இருக்கும். பாட்டில் பிரியமுள்ளவர் பெட்டியில் இசைத்தட்டும் இருக்கும்.

அப்படி வந்ததாகச் சொல்லி ஒரு தட்டை என்னிடம் கொடுத்தார், தூத்துக்குடியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர். 7 அங்குலம், 45 சுழற்சி, மோனோ. இலங்கைப் பொப்பிசை, பக்கத்துக்கு ஒரே பாட்டு. உறையைக் காணோம். லேபிளில் பாதியை ராமபாணம் தின்றிருந்தது.

பக்கத்துக்கு ஒரே பாட்டு என்பது முக்கியமான சங்கதி. நம் சினிமா ஈ.பி.க்களில் பெரும்பாலும் பக்கத்துக்கு இரண்டு பாட்டு. காசுக்கு நிறைவு, ஒலிக்கு நெருக்கடி. நிறையப் பாட்டு ஏற்றினால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். நெருக்கினால் முள் பக்கவாட்டில் அசைய இடம் குறையும். அதனால் ஒலியின் அளவையும், குறிப்பாக அடித்தாளத்தையும் குறைத்துத்தான் வெட்ட முடியும். ஒரே பாட்டு என்றால் பள்ளம் தாராளமாக விரியும், டிரம் நெஞ்சில் வந்து இடிக்கும்.

இதே உண்மையை உலகத்தின் இன்னொரு மூலையில் 70-களின் நடுவில் தற்செயலாகக் கண்டார்கள். நியூயார்க்கில் டாம் மோல்டன் என்பவர், பாட்டு முடிந்ததும் ஆட்டக்காரர்கள் தளத்தைவிட்டு இறங்கிப்போவதைப் பார்த்துப் பொறுக்காமல், பாட்டுகளை நீட்டி ஒட்டி நாடா தயாரிக்கத் தொடங்கினார். ஒருநாள் சோதனைத் தட்டு வெட்டப் போனபோது 7 அங்குல வெற்றுத் தட்டு தீர்ந்துவிட்டது. வெட்டுபவரான ஹோசே ரோட்ரிகஸ் 10 அங்குலத் தட்டை எடுத்தார். சின்னப் பாட்டு பெரிய தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது அசிங்கமாகத் தெரியவே, பள்ளங்களை அகலப்படுத்தி, ஒலியைக் கூட்டி வெட்டினார்கள். போட்டுக் கேட்டால் அப்படியொரு முழக்கம். அங்கிருந்து 12 அங்குலத்துக்குப் போனார்கள். 1976-ல் சால்சோல் நிறுவனம் டபுள் எக்ஸ்போஷர் குழுவின் 'டென் பர்சென்ட்' பாட்டை வால்டர் கிப்பன்ஸ் கையால் 9 நிமிடத்துக்கும் மேல் நீட்டிக் கடைகளில் விற்பனைக்கே விட்டது. ஆட்டத்துக்கென்றே நீட்டிய பாட்டு, 12 அங்குலத் தட்டில், பக்கத்துக்கு ஒன்று.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். 12 அங்குலத் தட்டு 45 சுழற்சியில் ஓடும்போது வெளி ஓரத்தில் முள்ளுக்கு அடியில் நொடிக்கு சுமார் 69 செ.மீ. பள்ளம் ஓடுகிறது. அதே தட்டு 33⅓-ல் ஓடினால் சுமார் 51 செ.மீ. 7 அங்குல 45-ல் சுமார் 40 செ.மீ. நொடிக்கு எவ்வளவு நீளம் ஓடுகிறதோ, அவ்வளவு விவரத்தை அதில் எழுதலாம்.

இந்தியாவுக்கு இந்த வடிவம் பெரிதாக வரவில்லை. ஆனால் டிஸ்கோ வந்தது. பெங்களூரில் பிறந்த பிட்டு, லண்டனில் 1974-ல் 'குங் ஃபூ ஃபைட்டிங்' தயாரித்துவிட்டு, 1980-ல் 'குர்பானி' படத்துக்காக நாசியா ஹசனைப் பாடவைத்தார். 1981-ல் 'டிஸ்கோ தீவானே' வந்தது. இளையராஜா 1978-ல் 'பிரியா'வில் ஸ்டீரியோவுக்கே வந்துவிட்டார். 1982-ல் 'சகலகலா வல்லவன்' படத்தின் புத்தாண்டுப் பாட்டு வந்தது. டிசம்பர் 31 இரவு அதைக் கேட்காத தமிழ் ஊர் ஏது? அதே ஆண்டு பம்பாயில் சரண்ஜித் சிங் மூன்று ரோலண்ட் கருவிகளை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிந்தார். வெளிவந்தபோது யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் பாம்பே கனெக்ஷன் என்ற நிறுவனம் மறுவெளியீடு செய்ததும் உலகம் திரும்பிப் பார்த்தது. இளையராஜாவின் அக்காலப் பாட்டுகளையும் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் தொகுத்துத் தட்டாக்கியது. வெளிநாட்டுக்காரர் தேடி வந்து மீட்டிருக்கிறார்கள். நம் அட்டத்தில் கிடப்பதை நாம் இன்னும் இறக்கவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

அண்ணாச்சியின் தட்டுக்கு வருவோம். கழுவுவதற்கு முன் என்ன பொருளால் ஆனது என்று பார்க்க வேண்டும். 78 தட்டு அரக்குக் கலவை. கனமானது, விழுந்தால் உடையும், ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். 45-ம் எல்.பி.யும் வினைல், லேசாக வளையும். வினைலுக்கு மட்டும், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கொஞ்சம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கலந்து பயன்படுத்தலாம். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. இந்த ஊர்த் தண்ணீரின் உப்பு பள்ளத்துக்குள் படிந்து காய்ந்தால், அழுக்கைவிட மோசமான கரகரப்பைக் கொடுக்கும். லேபிளை மூடிவைத்துக்கொண்டு, மென்மையான தூரிகையைப் பள்ளம் ஓடும் திசையிலேயே நடத்த வேண்டும். குறுக்கே தேய்த்தால் அழுக்கு இன்னும் உள்ளே இறங்கும். பூஞ்சை பிடித்த தட்டை மற்ற தட்டுகளோடு வைக்கக் கூடாது. வளைந்திருந்தால் இரண்டு கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவில் வைத்து, 50 டிகிரியைத் தாண்டாத மிதமான சூட்டில் நிதானமாக நிமிர்த்த வேண்டும். வெயிலில் வைத்து அவசரப்படுத்தினால் பள்ளமே உருகிப்போகும்.

பழைய பிளேயரிலேயே போட்டுக் கேட்க ஆசை வரும். வேண்டாம். அந்தக் காலத்து கிரிஸ்டல் பிக்கப்பின் உயிர் ரோஷல் உப்பு என்ற படிகத்தில் இருக்கிறது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுப்போகும். கடற்கரை ஊர்களில் பிளேயர்கள் சீக்கிரம் ஊமையானதற்கு இதுவும் ஒரு காரணம். இன்று படியெடுக்க நல்ல மேக்னெட்டிக் கார்ட்ரிட்ஜ் வேண்டும். 78-க்கு ஏறக்குறைய 75 மைக்ரான் முள், வினைலுக்கு 18 முதல் 25 மைக்ரான். மாற்றிப் போட்டால் தட்டும் போச்சு, முள்ளும் போச்சு. வேகத்தைச் சரிபார்க்க ஸ்ட்ரோப் அட்டை போதும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சோக் போட்ட பழைய ட்யூப்லைட் வெளிச்சத்தில், 133 கோடுள்ள வட்டம் அசையாமல் நின்றால் 45 சுழற்சி சரி. எல்.இ.டி. விளக்கை நம்ப முடியாது. தட்டின் துளை மையத்தில் இல்லாவிட்டால் சுருதி 1⅓ நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும். நடுத்துளை பெரிதாக உள்ள 45-ல், அடாப்டரை எடுத்துவிட்டு, தட்டை மயிரிழை நகர்த்தி நகர்த்தி அதைச் சரிசெய்யலாம். பொறுமை வேண்டும். மோனோத் தட்டை ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் எடுத்து, பிறகு இரு பக்கத்தையும் கூட்டினால், முள்ளின் மேல்கீழ் அசைவில் வரும் இரைச்சல் தானே அடிபட்டுப்போகும். பள்ளத்தின் ஒரு சுவர் மட்டும் தேய்ந்திருந்தால் நல்ல சுவரை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பதிவது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்.

இவ்வளவும் செய்து கேட்டபோது, தட்டு நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. கிதார் பளிச்சென்று வந்தது. பொங்கோவில் விரல் படும் இடமும் உள்ளங்கை படும் இடமும் தனித்தனியாகக் கேட்டன. ஆனால் முன்னிசை முடிந்து பல்லவி தொடங்கும் இடத்தில் மட்டும் படபடவென்று ஒரு வெடிப்புக் கொத்து. முன்னும் பின்னும் சுத்தம். பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அந்த ஒரு வளையத்தில் மட்டும், வாழைப்பழ விதைபோலச் சின்னச் சின்னப் புள்ளிக் காயங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. கீறல் என்றால் நீளமாக இழுத்திருக்கும். இவை முள் மேலிருந்து இறங்கிய தடங்கள்.

அண்ணாச்சியிடம் காட்டினேன். அவருக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை.

"அது முள்ளு எடுத்து வச்ச இடம்லா தம்பி. ஆடுத புள்ள திரும்பிப் பாத்துக் கையக் காட்டும். காட்டுச்சுன்னா பாட்டு முடிய விடப்படாது. சட்டுன்னு தூக்கி மறுபடி பல்லவியில வப்பேன். தாளம் தவறப்படாது, பாத்துக்கிடுங்க."

தாளம் தவறாமல் எப்படி என்று கேட்டேன். காதால் எண்ணி, லேபிளின் ஓரத்தில் ஒரு அடையாளம் வைத்து, அது கைப்பக்கம் வரும்போது இறக்குவாராம். சில பாட்டுக்கு இரண்டு தடவை, கூட்டம் விசில் அடித்தால் மூன்று தடவை.

நியூயார்க்கில் ஒருவர் நாடாவை வெட்டி ஒட்டிச் செய்ததை, தூத்துக்குடியில் ஒருவர் ஒற்றைப் பிளேயரும் ஒரு கையும் வைத்துக்கொண்டு மேடைக்கு மேடை செய்திருக்கிறார். டாம் மோல்டனின் பெயர் தட்டுகளில் அச்சானது. அண்ணாச்சியின் கைவேலை தட்டிலேயே பதிந்து கிடக்கிறது. நீட்டிய ஆட்டப்பாட்டு என்ற வடிவம் நம் ஊருக்கு வரவில்லை என்று மேலே எழுதினேன். கம்பெனிகள் கொண்டுவரவில்லை, அவ்வளவுதான்.

இதனால் மீட்டெடுப்பில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. கம்ப்யூட்டரில் இரைச்சல் நீக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஒரு பொத்தானை அழுத்தினால் வெடிப்பெல்லாம் மறைந்துவிடும். ஆனால் ஆட்டப்பாட்டில் அந்தப் பொத்தான் ஆபத்தானது. தட்டில் விழுந்த காயமும் பொங்கோவில் விழுந்த அடியும் அதன் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிகின்றன. இரண்டும் சட்டென எழுந்து சட்டென அடங்கும் ஒலிகள். வேகமாக ஓட்டினால் கைத்தட்டின் கூர்மை போய்விடும், பொங்கோ ஈரத்துணியில் அடித்ததுபோல் ஆகிவிடும். வயலின் தனி இசைக்கு அது சகிக்கும். பைலாவுக்குச் சகிக்காது. அடியின் முனை மழுங்கிய பைலாவுக்கு எந்தக் காலும் எழும்பாது. ஆகவே வெடிப்புகளை அலைவடிவத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்து, பாட்டைச் சேராதது என்று உறுதியாகத் தெரிந்ததை மட்டும் கையால் நீக்கினேன். இரண்டு பக்கத்துக்கே பல மாலைகள் போயின. கேட்டுப் பார்த்தபோது ஒரு மாலைகூட வீணில்லை என்று தெரிந்தது.

பல்லவியிலிருந்த அந்தக் கொத்தையும் கேட்பதற்கான படியில் நீக்கிவிட்டேன். பாட்டைப் பாடியவர்களுக்கும் வாசித்தவர்களுக்கும் அந்த நியாயம் செய்தாக வேண்டும். ஆனால் எதுவுமே தொடாத மூலப்படி தனியாக இருக்கிறது, லேபிளின் படத்தோடும் அந்த வளையத்தைப் பெரிதாக்கி எடுத்த படத்தோடும். காயங்கள் இருக்கும் இடம், நிமிடம் நொடி கணக்கோடு, குறிப்பில் இருக்கிறது. ரெக்கார்ட் டான்ஸ் பற்றி நாளை யாராவது ஆராய வந்தால், ஆட்டக்காரி எந்த இடத்தில் இன்னும் வேண்டும் என்று கேட்டாள் என்பதற்கு அதைவிட நேரான ஆதாரம் கிடைக்காது. நோட்டீசில் அது இருக்காது, போலீஸ் அனுமதிக் கடிதத்திலும் இருக்காது.

எனவே ஒரு வேண்டுகோள். வி.ஏ.கே. ரங்காராவ் போன்றவர்கள் பல்லாயிரம் 78 தட்டுகளைச் சேர்த்துத் தமிழ், தெலுங்கு இசை வரலாற்றைக் காத்தார்கள். சேகரிப்பாளர்கள் பொதுவாகத் தேடுவது தேயாத தட்டை, அதுதான் முறையும்கூட. ஆனால் கல்யாண வீட்டிலும் கொடையிலும் உழைத்துத் தேய்ந்த தட்டுக்கும் ஒரு இடம் வேண்டும். தூத்துக்குடி, வேம்பார், மணப்பாடு, காயல்பட்டினம் பக்கத்தில் பழைய சவுண்ட் சர்வீஸ் குடும்பங்கள் யாரிடமாவது ஈ.பி. பெட்டி இருந்தால், எடைக்குப் போடும் முன் லேபிளைப் படம் எடுத்து வையுங்கள். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள், நிமிர்த்தி வையுங்கள். யார் எந்த மேடையில் போட்ட தட்டு என்று வீட்டுப் பெரியவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி உறைக்குள் செருகுங்கள். கழுவுவது பிறகு நடக்கட்டும்.

தட்டின் காலம் தூத்துக்குடியில் சட்டென்றுதான் முடிந்தது. 80-களில் கேசட் வந்தது. சி-90 நாடாவில் பக்கத்துக்கு 45 நிமிடம். முள் தூக்க வேண்டாம், அடையாளம் பார்க்க வேண்டாம். அண்ணாச்சி தன் பிளேயரிலிருந்து டெக்குக்கு ஒயர் போட்டு, கூட்டம் கேட்கும் பாட்டை அடுத்தடுத்து மூன்று முறை, முன்னிசையை வெட்டிவிட்டுப் பதிந்துவைத்துக்கொண்டார். அந்த நாடாக்களில் இரண்டு இன்னும் ஓடுகின்றன. அவற்றில் என்ன இருக்கிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)